உகாதிக்கு ஒரு தட்டு வேப்பம்பூ

ஹைதராபாத்தில் புத்தாண்டு நம்முடையதற்கு முன்பே வந்துவிடுகிறது. மதுரையில் சித்திரைக்குக் காத்திருப்பார்கள். இங்கோ உகாதிக்குக் கட்டிய மாவிலைகள் அதற்குள் காய்ந்திருக்கும். வேலைக்கென வந்து, ஓய்வுபெற்ற பின்னும் சனத்நகரிலேயே தங்கிவிட்ட எனக்கு இந்த அவசரம் இன்னும் பழகவில்லை.

இவ்வாண்டு உகாதிக் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தேன். கம்பியைத் தொட்டு நிற்கும் வேம்பு ஒரே இரவில் பூத்தாற்போலிருந்தது. தேனீக்கள் இரைந்தன. துணிக்கொடியில் தேன்சிட்டு ஒன்று நூலும் சருகும் கோத்துக் கூடு தொங்கவிட்டிருந்தது. ஓர் அணில் இன்னோர் அணிலை அடிமரம்வரை துரத்திற்று. பல மாதங்களுக்குப் பின் எனக்குப் பசித்தது.

அம்மரத்துப் பூவை ஆண்டுதோறும் எதிர்வீட்டு பத்மஜாவுக்கு, உகாதிப் பச்சடிக்கென்று கொடுப்பாள் என் மனைவி. நான் கிளையைத் தாழ்த்திப் பிடிக்கும்போது, "ஏங்க, ஒடிச்சிராதீங்க. தேனீக்கும் கொஞ்சம் விடுங்க" என்பாள். இம்முறையும் தேனீக்கு விட்டே பறித்தேன். எதையோ முணுமுணுத்துப் பாடியபடி, தட்டுடன் எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

பத்மஜா கதவைத் திறந்தாள். என் மனைவியிடம் கற்ற தமிழில், "அங்கிள்காரு, நீங்களா?" என்றாள். கை நீளவில்லை. உள்ளேயிருந்து அவள் மாமியாரின் தணிந்த குரல் வந்தது: "சூதகம் உந்தி கதம்மா." தீட்டு இருக்கிறதே என்கிறாள்.

"பூ மார்க்கெட்லயே வாங்கிட்டோம், அங்கிள்காரு." பொய் சொல்லிப் பழகாதவள், தலை குனிந்துகொண்டாள்.

துக்க ஆண்டு கழியாத வீட்டுப் பொருள் சாமிப் படையலுக்கு ஆகாது. நான் அறியாத வழக்கமன்று; எங்கள் பக்கத்திலும் அதுவே. என் மனைவி இறந்தது சென்ற கார்த்திகையில். அவர்கள் மறுத்ததற்காக நான் வெட்கப்படவில்லை. அவள் இல்லை என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. எனக்கு அந்தக் காலை முழுதும் அந்த நினைவே இல்லை. ஒரு மரம் பூத்ததற்கு அத்தனை எளிதில் விலைபோயிருந்தேன்.

நண்பகலில் பத்மஜா பச்சடிக் கிண்ணத்துடன் வந்தாள். "அத்தைதான் குடுத்தனுப்பினாங்க. ஆன்ட்டி இருந்தா உப்பு ஜாஸ்தின்னு திட்டியிருப்பாங்க" என்று சிரிக்க முயன்றாள். பிறகு, "உங்களுதுல மட்டும் வேப்பம்பூ போடலை, அங்கிள்காரு. இந்த வருஷம் உங்களுக்குக் கசப்பு போதும்" என்றாள்.

அவள் போனபின் ஒரு வாய் எடுத்தேன். மாங்காய் புளித்தது, வெல்லம் நாவில் தித்தித்தது; தொண்டைக்குள் இறங்கவில்லை. திரும்பி வந்த தட்டில் பூ வாடிக்கிடந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து அவர்கள் புத்தாண்டின் மேல் தூவிக்கொண்டேன். அதன் பிறகே விழுங்க முடிந்தது.