கட்டைவிரல் பிடித்த பேஸ்

மாலை ஆறு பத்துக்கு, என் மகளோடு பேஸ் கிடார் வாசிக்க வரவேண்டிய தம்பி போன் செய்து, ஆலங்குடியில் பைக் நின்றுவிட்டது என்றார். கீரமங்கலம் மண்டபத்தில் என் கொழுந்தனார் மகளின் கல்யாண வரவேற்பு. மேடையில் என் மகள் மட்டும் கிடாரோடு நின்றாள்.

“ஒத்தக் கிடாரு டொய்ங் டொய்ங்னா சிங்கப்பூர்லேருந்து வந்தவங்கெல்லாம் சிரிப்பாங்க. பென் டிரைவ்ல பாட்டப் போடச் சொல்லுங்க அண்ணி,” என்றார் கொழுந்தனார்.

எனக்கும் உதறல்தான். ஆனால் ராக்கபில்லி என்னும் பழைய அமெரிக்கப் பாணிக் கிடார்காரர்களின் வீடியோக்களை அவள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகியதை நான் தினமும் கண்டவள். அவர்கள் கட்டைவிரலால் பேஸின் கனத்த கீழ் ஒலியைப் பிடித்துக்கொண்டே மற்ற விரல்களால் மெட்டை வாசிப்பார்கள். நகம் கிழிந்தும் அவள் விடவில்லை.

“அவ வாசிப்பா. பிடிக்காதவங்க பந்திக்குப் போங்க,” என்று மேடைப் படியை மறித்து நின்றேன்.

மகள் தொடங்கினாள். கட்டைவிரல் தடுமாறவே இல்லை. பந்திக்கு எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கொழுந்தனார் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு முறை நேர்ந்தாலும் அந்தப் படியில்தான் நிற்பேன்.

மூன்றாவது பாட்டின்போது பேஸ்காரத் தம்பி மூச்சிரைக்க வந்தார். மேடை தெரியாத வாசலிலேயே நின்று கேட்டவர், நான் அங்கே போனதும் முகம் வாடிப்போய் என்னிடம் சொன்னார்:

“பேஸ் வாசிக்க வேற ஆளப் போட்டுட்டீங்களாக்கா? சொல்லியிருந்தா அப்படியே திரும்பிப் போயிருப்பேன்ல.”