பிறந்த வீட்டுப் பொட்டலம்

தேக்கிலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, பிறந்த வீட்டுச் சீர் போல மூலையில் மஞ்சள் தடவிய பொட்டலம். ஓரகத்தி அதை என் மடியில் வைத்து, "உங்கம்மா குடுத்துவிட்டாக. கடமலைக்குண்டு வண்டியில வந்துச்சு" என்றார்.

அது யுத்த காலம். எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். ரேஷன் அரிசி மில்லில் தீட்டித் தீட்டி வெளுத்திருக்கும். கால் வீங்கி மரத்துப்போக, "இந்தச் சோறு மட்டும் தின்னா தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது" என்று மருத்துவச்சி கண்டித்தார். கேப்பையும் எள்ளும் தின்னச் சொன்னார். நானா தின்பேன்? கடமலைக்குண்டுப் பக்கம் வருசநாட்டில் அன்றாடம் கேப்பைக்களி தின்று வளர்ந்து, போடி பஜாரில் மளிகைக்கடை வீட்டுக்கு, நெல்லுச்சோற்றுக்கு வாக்கப்பட்டவள். அந்தப் பவிசு என்னை விடவில்லை. களித்தட்டை அப்படியே தள்ளிவிடுவேன்.

ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்றே கூப்பிடுவேன், கடைக்கு வேண்டிய பொட்டலங்களை வீட்டிலிருந்தே மடித்துக் கொடுப்பார். அவர் கட்டினால் ஒரு கடுகு சிந்தாது. எந்தப் பொட்டலத்தைக் கண்டால் எந்தக் கை நீளும் என்பதும் அவருக்குத் தெரியும். என்ன கெட்டிக்காரி! தட்டோடு தள்ளிய அதே கேப்பையை, எள்ளும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த உருண்டைகளாக, அம்மா கொடுத்தது என்று கண்ணில் ஒற்றித் தின்றேன். வாரம் தவறாமல் வந்தது. கால் வீக்கம் வடிந்தது. இன்று கடைகளில் பளபளக்கும் உறையில், கொழுகொழு குழந்தைப் படம் போட்டுக் கேப்பைமாவு விற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அக்காவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். "வெறுங்கையோட வந்துட்டேன், தப்பா நெனைக்காதீக" என்று அக்காவிடம் கூசி நின்றார்.

"அதான் வாராவாரம் குடுத்துவிடுறியேம்மா" என்றேன்.

"நானா? வெள்ளாமையே இல்லையேத்தா, எதக் குடுத்துவிட?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரைக் காப்பாத்திட்டீக" என்று அழுதார். எனக்கு அக்கா மேல் கோபம் வரவில்லை. அம்மாவின் வெறுங்கையைத்தான் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அக்கா உருண்டைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "இனி எதுக்கு வேசம்? சும்மாவே தின்னு" என்றார். நான் கை நீட்டவில்லை. பழைய பிடிவாதம் திரும்பிவிட்டது என்று நினைத்திருப்பார் போல, அவர் முகம் வாடிவிட்டது.

"இலையில கட்டிக் குடுங்கக்கா. மஞ்சளும் தடவுங்க" என்றேன். "எனக்கு இதுவும் பொறந்த வீடுதான்."