மற்ற இரண்டு பேர்

என் தம்பி எங்களை விட்டுப் போனதற்கு நான் சொன்ன ஒரு பொய்தான் காரணம் என்று பதினாறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் சொன்ன பொய். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்மாவிடமிருந்து வந்தது அது. அம்மாவின் மூக்கும் எனக்குத்தான் வந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு அப்பா கேம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பதினாலு வயது, தம்பிக்கு ஒன்பது. மலாய் நாட்டுத் தீவு ஒன்றில், ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தோம். அம்மாவுக்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஆபிசில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. அப்பா தினமும் ஃபெரியில் கடல் தாண்டி அக்கரைக்குப் போய், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வருவார். வருவார் என்றா சொன்னேன்? அந்த வருடம் வாரத்தில் மூன்று நாள் வரமாட்டார். அங்கேயே கூட்டாளி ரூமில் படுத்துக்கொள்வார். வந்த நாளில் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை. அப்பாவுக்குக் குடி கிடையாது, வேறு பெண் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். குடிகாரராக இருந்திருந்தால் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

பெட்டியோடு வந்தது ஒரே ஒரு கேசட். வாள் வைத்திருக்கும் ஒருவன் காடு மேடெல்லாம் நடந்து பூதங்களை வெட்டுவான். எழுத்து பூராவும் ஜப்பான் எழுத்து. எங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன நடக்கும் என்று அமுக்கி அமுக்கித்தான் கண்டுபிடித்தோம்.

கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாள்காரன் ஒரு குகைக்குள் நுழைவான். அங்கே மூன்று கல்லின் மேல் மூன்று ஆவிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றை மட்டும் துணைக்குக் கூட்டிப் போகலாம். தம்பி அதுகளை ஹந்து என்றான், பள்ளிக்கூடத்து மலாய்ப் பிள்ளைகள் பேய்க்குச் சொல்வது போல. சிவப்பு ஹந்து நெருப்புத் தலையோடு துள்ளிக்கொண்டே இருக்கும். நீல ஹந்து மீன் மாதிரி காற்றில் நீந்தும். பச்சை ஹந்து குண்டாக, தூங்குமூஞ்சியாக, தலையில் ரெண்டு இலையோடு சும்மா உட்கார்ந்திருக்கும்.

“பச்சைய எடுக்கா,” என்றான் தம்பி.

“அது சண்டை போடுமா? பாத்தாலே தெரியுது, சோம்பேறி.”

“அதை யாரும் எடுக்க மாட்டாங்கக்கா. பாவம் லா.”

கண்ட்ரோல் என் கையில் இருந்தது. சிவப்பை எடுத்தேன். திரை வெள்ளையாக ஒரு மின்னு மின்னியது. சிவப்பு ஹந்து வாள்காரனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. மற்ற இரண்டும் புள்ளி புள்ளியாகக் கரைந்து காணாமல் போயின. வெறும் கல்தான் மிச்சம்.

“மத்த ரெண்டு பேரும் எங்கக்கா?”

அவனுக்கு அதுகள் ரெண்டு ‘பேர்’. கேம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் விடவில்லை. அடுத்த ஊர் வந்த பிறகும் கேட்டான், சோறு சாப்பிடும்போதும் கேட்டான், நான் பாத்ரூமில் இருந்தபோது கதவுக்கு வெளியே நின்றும் கேட்டான்.

“செத்துப் போச்சு,” என்றேன். “நீ எடுக்கலைன்னா அது செத்துடும். போதுமா?”

அவன் அழவில்லை. அழுதிருந்தால் ‘சும்மா சொன்னேண்டா’ என்றிருப்பேன். அங்கிருந்து போய்விட்டான். அன்றிலிருந்து அவன் முறை வரும்போதெல்லாம் வாள்காரனைத் திருப்பி அந்தக் குகைக்கே நடக்க விடுவான். அந்த மூன்று கல்லையும் சுற்றிச் சுற்றி வருவான், ஒவ்வொரு கல்லிடமும் நின்று பட்டனை அமுக்குவான். ஒன்றும் நடக்காது. அவனுக்குக் கொடுத்த அரை மணி நேரம் அப்படியே போய்விடும். “லூசா நீ?” என்று கேட்டு கண்ட்ரோலைப் பிடுங்குவேன். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, திடீரென்று குகைக்குப் போவதை நிறுத்திவிட்டான். புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் பிறந்த கையோடு அப்பா துணிமணியை எடுத்துக்கொண்டு அக்கரையில், பட்டர்வொர்த்தில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரிய மாமா, பேசி முடிக்க வந்தார். அப்பாவும் வந்திருந்தார். தன் வீட்டிலேயே விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் எல்லாருக்கும் தே ஓ, அதாவது பால் இல்லாத தேத்தண்ணி, கலக்கிக்கொண்டிருந்தேன். தம்பி என் பாவாடையை இழுத்தான்.

“அக்கா, மாமா நம்மள கேக்கப் போறாராம். யாரு கூட இருப்பேன்னு.”

“தெரியும்.”

“நீ யாரச் சொல்லுவ?”

“அம்மா. வேற யாரு?”

“நானும் அம்மான்னு சொன்னா, அப்பா என்னா ஆவாரு?”

எனக்கு அப்பாமேல் அவ்வளவு ஆத்திரம். சீனியைக் கலக்கிக்கொண்டே சொன்னேன்: “என்னா ஆவாரு, உன் பச்சை ஹந்து மாதிரிதான்.”

அவன் பாவாடையை விட்டுவிட்டான். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

மாமா என்னைத்தான் முதலில் கேட்டார். “அம்மா,” என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. பயப்படாத.” அது வெறும் சம்பிரதாயக் கேள்வி, எல்லாருக்கும் அது தெரியும். ஒன்பது வயதிலும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவனுக்குத் தூக்கம் வரும். அம்மா அவனுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா,” என்றான்.

அப்பாவே திடுக்கிட்டார். மாமா இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் அதையேதான் சொன்னான். அம்மா எழுந்து தே ஓ டம்ளர்களைப் பொறுக்கினாள், இன்னும் யாரும் குடிக்கவே இல்லை. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ‘அது பொய்டா, ஒண்ணும் சாகாது’ என்று மாமா முன்னால் சொல்லியிருக்கலாம். அடி விழும் என்ற பயம். அதைவிட, எங்களை விட்டுவிட்டு எப்படிச் சொன்னான் என்ற ஆத்திரம்.

கேம் பெட்டியை அவன் கேட்கவில்லை. “நீ வச்சுக்கக்கா,” என்றான். நான் அதை வயரோடு சுருட்டி அலமாரி மேல் ஏற்றினேன். பிறகு அதைத் தொடவே இல்லை.

முதல் சில மாதம் அப்பா அவனைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். அம்மா சோறு போடுவாள். “பசியாறு,” “இன்னும் கொஞ்சம் போடவா,” இவ்வளவுதான் பேச்சு. அவனும் அப்பாவைப் போலவே நாற்காலி நுனியில் உட்காரப் பழகிவிட்டான். பிறகு அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்தது. தனியாக ஃபெரி ஏறிவர அவனுக்கு வயது போதாது. நாங்கள் போய்ப் பார்க்கலாமே என்று ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன்.

“அவன் வாயால சொன்னான்ல, என்னை வேணாம்னு. வேணும்னா அவன் வரட்டும்.”

போன் பண்ணுவான். அம்மா எடுத்தால், “இரு, அக்காகிட்ட குடுக்கறேன்” என்று ரிசீவரை நீட்டிவிடுவாள். பள்ளிக்கூடம் எப்படி, பரீட்சை எப்படி என்று நான் கேட்பேன். எல்லாம் முடிந்ததும் அவன் தவறாமல் ஒன்று கேட்பான்: “நீங்க ரெண்டு பேரும் எப்ப வர்றீங்க?”

“நீ வாடா,” என்பேன். பெரிய மனுஷன் மாதிரி விசாரிக்கிறான் என்று எரிச்சலாக இருக்கும். ஒருநாள் அவன் அதைக் கேட்காமலே போனை வைத்தான். பிறகு போனும் குறைந்தது. தீபாவளி, பொங்கல், அப்புறம் தீபாவளி மட்டும்.

அம்மா படுத்தபோது எனக்கு முப்பது வயது. வயிற்றில் கட்டி. கண்டுபிடித்ததே கடைசியில். இரண்டு மாதம்தான் இருந்தாள். செய்தி சொன்னதும் தம்பி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தான். மீசை வைத்த ஆம்பிளையாகக் கட்டில் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றியும் பேசினார்கள். அவன் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“அவன் ஏன் அன்னிக்கு என்னை வேணாம்னான்? நான் அவனை அடிச்சதுகூட இல்லையே.”

இப்போதாவது சொல், சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. ‘என்னால்தான்மா’ என்று சொன்னால் சாகும் நேரத்தில் அம்மா என்னையும் இழந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். பதினாலு வயதில் இருந்த அதே பயம். “சின்னப் பிள்ளைம்மா, அவனுக்கு என்ன தெரியும்,” என்றேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

கொள்ளி வைத்தது தம்பிதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, நானும் அவனும் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பச்சை ஹந்து, செத்துப் போச்சு என்று நான் சொன்னது, தே ஓ கலக்கும்போது நான் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினேன். “அப்பா செத்துடுவாருன்னு பயந்துதானடா அப்படிச் சொன்ன? என்னாலதானே நீ போன?” என்று கேட்டேன்.

யோசித்துத்தான் அந்தக் கேமே அவனுக்கு ஞாபகம் வந்தது.

“இல்லக்கா. அது சாகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“எப்படி?”

“கேசட் கடை சீன அண்ணன்கிட்ட கேட்டேன். சாகாது லா, விட்டுட்டு வந்த ரெண்டும் கடசிக் கட்டத்துல சேந்து திரும்பி வரும்னாரு. நீ தேடிப் போகாத, தேடுனா கெடைக்காது, அதுவா வரும்னாரு. அதான் குகைக்குப் போறத விட்டேன்.”

“அப்புறம் ஏண்டா அப்பான்னு சொன்ன?”

அவன் அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டே பேசினான். “நீ அம்மான்னு சொல்லிட்ட. நானும் சொன்னா அப்பா ஒத்தை ஆளா நிப்பாரு. கேம்ல ஒத்தை ஆள விடுறது கெடையாது, எப்பவும் ரெண்டு பேரைத்தான் விடுவோம். நீயும் அம்மாவும் ரெண்டு பேரு. உங்கள விட்டா கடசியில ரெண்டு பேரும் வந்துடுவீங்கன்னு நெனச்சேன்.” சிரிக்கப் பார்த்தான். “ஒம்பது வயசு லா.”

என் கையில் சவுக்காரம் காய்ந்துகொண்டிருந்தது. “எவ்வளவு நாளுடா அப்படி நெனச்ச?”

“ஃபார்ம் ஒன் போற வரைக்கும், பதிமூணு வயசு. ஞாயித்துக்கிழமையானா ஃபெரி எறங்குற எடத்துல போய் நிப்பேன். தேடி வரக் கூடாது, ஆனா நிக்கலாம்ல.”

பச்சை ஹந்துவை எடு என்று அவன் கெஞ்சியது நினைவுக்கு வந்தது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததும் நினைவுக்கு வந்தது. என்னை வேணாம்னான் என்று பதினாறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அவளுக்கு நான் என்ன பதிலைச் சொல்லி அனுப்பினேன்? அண்டா விளிம்பில் தலையை வைத்து அழுதேன். அவன் என் தோளைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தான்.

சாயங்காலம் அவன் கிளம்பியபோது நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். “எங்கக்கா?” என்றான். “நடடா,” என்றேன். வேறு வேலையாக அக்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவனைப் பார்க்கவென்று ஃபெரியில் காலை வைத்தது அன்றுதான். தீவிலிருந்து அந்தப் பக்கம் போக டிக்கெட் கிடையாது. திரும்பி வரத்தான் காசு. யாரும் எங்களை நிறுத்தவில்லை, எதுவும் கேட்கவில்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து நான் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

பட்டர்வொர்த்தில் இறங்கி வெளியே வரும் வழியில், கம்பித் தடுப்பு ஒன்றின் பக்கத்தில் அவன் நின்றான்.

“இங்கதான் நிப்பேன்.”

பின்னால் வந்தவர்கள் எங்களை விலக்கிக்கொண்டு போனார்கள். நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வந்துட்டேண்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை. இரண்டு பேரில் ஒருத்திதான் வந்திருந்தேன்.