புளி போட்டுத் துலக்கிய ரிவால்வர்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். துப்பாக்கியைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒன்பது வருஷம் துடைத்த தகுதிதான்.

ஓமானில், சோஹாரில், எனக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீல் வீட்டில்தான் வேலை. வீட்டில் எல்லோரும் போல நானும் அவரை பாபா என்பேன். விருந்தினர் உட்காரும் மஜ்லிஸில் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் ஏழு பழைய ரிவால்வர்கள். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் உண்டு, ஒன்றுக்கும் குண்டு கிடையாது. அந்த அளவில் இப்போது யாரும் குண்டு செய்வதில்லையாம். இருந்தும் முதல் வருஷம் முழுக்க அவற்றின் வாயை என் பக்கம் திருப்பாமல்தான் துடைத்தேன். என் பயம் அப்படி.

வெள்ளிக்கிழமை காலையில் பாபா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார், நான் உலர்ந்த துணியால் துடைப்பேன். மூன்றாவதுதான் அவருக்கு உயிர். அவருடைய தாத்தா சான்சிபாரிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தபோது இடுப்பில் இருந்தது. வயதில் கறுத்த பித்தளை உடம்பில் மயிரிழையாக வெட்டிய கொடி. ஒரு இலை மாதிரி இன்னொரு இலை இல்லை. வெட்டியவன் அவசரப்படவில்லை என்பார். குண்டு போடும் உருளையைச் சுற்றினால் ஆறு சத்தம், ஆறும் ஒரே அளவு. துடைத்து முடிந்ததும் அலமாரிச் சாவியை என்னிடமே வைத்துக்கொள்ளக் கொடுத்துவிடுவார்.

போன வருஷம் என் விசா முடிய இருபது நாள் இருக்கையில் பாபா ஒரு கல்யாணத்துக்காக சலாலா போனார். புதுப்பிக்கிற பேச்சையே எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஊரில் எவன் வேலை தருவான்? மகள் படிப்பு பாதியில் நிற்கிறது. அவர் மனம் குளிர ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தவித்தேன். அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

ரூமில் ஸ்பேனர், சுத்தியலெல்லாம் கழுவிப் பொட்டு வைத்தேன். நிஜமான ஆயுதம் அங்கே அலமாரியில் கறுத்துக் கிடக்கிறதே என்று தோன்றியது. மூன்றாவதை எடுத்தேன். புளி, உப்பு, தேங்காய் நார். குத்துவிளக்கு துலக்கிய கை. அரை மணியில் தங்கமாகிவிட்டது. சந்தனம் வைத்துக் கும்பிட்டேன். பாபா முகம் மலர்வதையும் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

போட்டோவைப் பக்கத்து வீட்டு டிரைவரிடம் காட்டினேன். புதுக்கோட்டைக்காரர், முதலாளியோடு பழைய சாமான் ஏலங்களுக்குப் போய்வருகிறவர். அவர் சிரிக்கவில்லை.

“அண்ணே, ஆயுதம்னா உங்களுக்கு ஸ்பேனர், எனக்கு ஸ்டியரிங். இதை எவன் கழுவச் சொன்னான்? அந்தக் கறுப்புதான் அதோட வயசு.”

கறுப்பு ஷூ பாலிஷ் இருக்கு, தரவா என்றார். கிண்டல்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

திட்டுத் திட்டாக ஒட்டியது, துடைத்தால் வந்துவிட்டது. விளக்குக் கரி பூசினேன். தேயிலைத் தண்ணீரில் போட்டேன். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. விசா கேன்சல்தான், ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். போனில் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, சளி என்றேன்.

பாபா வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார். இலைகளின் ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். எங்கள் பண்டிகை, அன்றைக்கு ஆயுதத்தைக் கழுவிக் கும்பிடுவோம் என்று தெரிந்த இந்தியில் உளறினேன்.

“அது அழுக்கு இல்லை,” என்றார், அவரும் இந்தியில். “தாத்தா கை, அப்பா கை, என் கை.” மழுங்கிய ஒரு இலையை விரலால் தடவி, “உன் கையும்.”

உள்ளங்கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது புதுப்பிக்கிற தாளில் கையெழுத்துப் போட்டார். சாவி மட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பாபாவே துடைக்கிறார். எனக்கு காவா என்கிற அரபுக் காப்பி கொண்டுபோய் வைக்கிற வேலை மட்டும். அவருக்கு வயதாகிவிட்டது, காவாக் கோப்பையையே இரண்டு கையாலும் பிடிக்கிறார். அவர் மூன்றாவதின் உருளையைச் சுற்றும்போது கதவுக்கு வெளியே நின்று சத்தத்தை எண்ணுகிறேன். நாலு, ஐந்து. ஆறாவது சத்தம் வரும்வரை, கீழே போட்டுவிட்டாரோ என்று எனக்கு மூச்சு நிற்கிறது.