ஆடி மாதத்துக் கல்யாணக் குதிரை

ஆவடி குவார்ட்டர்ஸில் குதிரையிலிருந்து விழுந்த ஒரே பெண் நான்தான். தோள்பட்டை எலும்பு முறிந்து கட்டோடு கிடந்த என்னைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்தவர்கள் எல்லாரும், "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். என் விஷயத்தில் தள்ளியது மட்டும்தான் குதிரை. குழி பறித்தது எங்கள் பிளாக்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சவாரிப் பைத்தியம். குதிரைப்படையில் இருந்து ஓய்வுபெற்ற வேலூர்க்காரர் ஒருவர் ஆவடிக்கு வெளியே ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுத் தந்தார். அவரை சார் என்போம். நான் விழுந்ததற்குக் குதிரையைக் குறை சொல்ல முடியாது. அது மிரண்டது, நான் பயந்து கடிவாளத்தை இழுத்தேன், அது இன்னும் மிரண்டது. எலும்பு சேர்ந்துவிட்டது. பயம் போகவில்லை. மறுபடி ஏறினால் கை தானாகக் கயிற்றை இறுக்கியது. கொஞ்ச நாளில் ஏறுவதையே விட்டுவிட்டேன்.

சார் அந்தச் சவாரி வகுப்பை நிறுத்திய பிறகு, பழைய ஆட்களை ஆண்டுக்கு ஒருமுறை கோவளத்துக்குத் தெற்கே கடலோரமாகக் கூட்டிப் போவார். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும். குதிரையை அவரவரே கொண்டுவர வேண்டும். வரிசையை விட்டு விலகும் குதிரை லாரியில் ஏறித் திரும்ப வேண்டியதுதான், மறுபேச்சே கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் எனக்கும் சொல்லி அனுப்பினார். இப்போது போகாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் குதிரை ஏறமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூந்தமல்லியில் ஒரு முஸ்லிம் குடும்பம் கல்யாண ஊர்வலங்களுக்கு வெள்ளைக் குதிரை விட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்காதான் அதைக் குளிப்பாட்டுவார், கொள்ளு வைப்பார், மாப்பிள்ளை வீட்டாரிடம் பேரமும் பேசுவார். விழுந்த கதையை மறைக்காமல் சொல்லி, குதிரையை வாடகைக்குக் கேட்டேன்.

"ஆடி மாசம் எவனும் கண்ணாலம் கட்ட மாட்டான். சும்மாதான் துன்னுகினு கீது. இட்டுகினு போ, துட்டெல்லாம் வாணாம்" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. மேளம் கேட்டா நின்னுகினு ஆடும். அப்ப கயித்த இழுக்காத. இழுத்தா எகிறும். வுட்டுடு. மேளம் நின்னா தானா நடக்கும்."

"ஆடியில ஏதுக்கா மேளம்?" என்றேன்.

"அத்த சொல்லு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பாரிவாக்கம் ஏரிக்கரையில் காலை நேரத்தில் பழகினேன். கரைமேல் டீ கிளாஸோடு நிற்கும் அக்கா, என் கை இறுகும்போதெல்லாம் "கயித்த வுடு!" என்று கத்துவார். அங்கே மேய்ந்த எருமைகள்கூட அந்தக் குரலுக்கு நிமிர்ந்து பார்க்கும். "கல்யாணக் குதிரையில போற, மாப்பிள்ளை யாரு?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். நான் ஏரிக்கரைக்குப் போன நாளெல்லாம் குழந்தைக்கு இட்லி ஊற்றி, தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோவளம் தாண்டி, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வரிசையாகப் போனோம். சார் முன்னால், நான் கடைசியில். ஈர மணலில் என் குதிரை, அந்த வெள்ளைக்காரி, அவ்வளவு லேசாக ஓடினாள். உப்புக் காற்று வாயெல்லாம் நிறைந்தது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

அப்போதுதான் முன்னால் இருந்த மீனவர் குப்பத்திலிருந்து பம்பைச் சத்தம் வந்தது. ஆடி ஞாயிறு, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே வருஷா வருஷம் பம்பை அடித்துக் கூழ் ஊற்றுவார்கள். நானே சொம்பை நீட்டி வாங்கியிருக்கிறேன். கல்யாணம் இல்லாத மாதமென்றால் மேளமும் இல்லாத மாதம் என்று எந்தப் புத்தியில் நினைத்தேன்? அக்காவுக்குக் கல்யாணச் சீசன்தான் காலண்டர். எனக்கு என்ன வந்தது?

குதிரையின் காது நிமிர்ந்தது. வரிசையை விட்டு நேராகக் கரகத்துக்கு முன்னால் போய் நின்று, முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்தாள். தூரத்தில் சார் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். என் கை இறுகியது. அவள் தலையை உதறி, முன்னங்கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினாள். நான் விழுந்த அன்றைக்கும் சரியாக இப்படித்தான் ஆரம்பித்தது.

"கயித்த வுடு!" ஏரிக்கரைக் குரல் காதுக்குள் கேட்டது. விட்டேன்.

கால்கள் இறங்கின. அவள் ஆடினாள், நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். "அம்மனுக்குக் குதிர வந்துகீது பாருடி!" என்று ஒரு பெண் கூவினாள். குலவை போட்டார்கள். குளம்பில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அவள் நெற்றியிலும், எட்டி என் முழங்காலிலும் குங்குமம் வைத்தார்கள். பம்பைக்காரர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அவள் தானாகத் திரும்பி நடந்தாள்.

மொத்த வரிசையும் எனக்காக நின்றிருந்தது. லாரிக்குப் போகத் தயாராக இறங்கப் பார்த்தேன்.

"எங்கம்மா இறங்குறே?" என்றார் சார்.

"வரிசையை விட்டுட்டேனே சார்."

"குதிரையை யார் பாத்தா? நான் உன் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வா, எனக்குப் பின்னாலே வா."

மீதி தூரம் முழுக்க அவருக்கு அடுத்த குதிரை என்னுடையதுதான்.

சாயங்காலம் பூந்தமல்லியில் லாரி நின்றபோது அக்கா தெருமுனையிலேயே காத்திருந்தார். அந்தக் குதிரைதான் அந்த வீட்டுச் சோறு. அதன் காலெல்லாம் மஞ்சள், நெற்றியில் குங்குமம். என்ன சொல்லப்போகிறாரோ என்று, "அக்கா, மேளம்..." என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. குதிரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக என்னிடம் வந்து, முறிந்திருந்த தோளைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"கீய வுயுந்தியா?"

"இல்லக்கா."

அதற்குப் பிறகுதான் குதிரையைப் பார்த்தார்.