சித்தி மூன்று முறை சொன்ன கதை

என் மேசை இழுப்பறையில் பேட்டரி கழற்றிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று கிடக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பேய்க்கதைகளில் பயம் எப்படி உண்டாகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்தில், கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எத்தனையோ பேர் சொன்ன எத்தனையோ பேய்கள் அதற்குள் இருக்கின்றன. நான் பேட்டரியைக் கழற்றியது ஒரே ஒரு கதைக்குப் பயந்து. திகில் இலக்கியம் நடத்துகிறவளே இப்படிச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதைச் சொன்னது சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பாவை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. குரலை உயர்த்தமாட்டார், பழம் பறித்தால் முதல் பெட்டி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். சித்திக்குப் பிள்ளைகள் இல்லை, பேச்சு மட்டும் நிறைய. அவள் வாயில் கதை நன்றாக வரும் என்ற சுயநலத்தில்தான் கருவியோடு போனேன்.

பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, கொத்திலிருந்த அழுகல் பழங்களைக் கத்தரித்தபடியே சொன்னாள். "கிணத்தோரத்து மோட்டார் ரூமுல ஒருத்தி இருக்கா பாப்பா. குழாய் போற ஓட்டை வழியாத்தான் அவளுக்கு வெளிச்சம். அதுல பாத்தா போறவுக வாரவுக காலு மட்டுந்தான் தெரியும். மருந்தடிக்கிற மிஷின் ஓடுறப்பதான் கதவத் தட்டுவா."

"அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும் சித்தி?"

"கேக்காது. மத்த நேரம் தட்டுனா அடி விழும்ல."

"பேயைப் போய் யாரு அடிப்பா?" என்று நான் சிரித்தேன். சித்தியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஒரே கதையைப் பல முறை சொல்லவைத்து, என்னென்ன மாறுகிறது என்று குறிப்பது எங்கள் துறையின் வழக்கம். மாதம் ஒரு முறையாக மூன்று முறை கேட்டேன். முதல் முறை அந்தப் பெண் அரை நாள் உள்ளே இருந்தாள். அடுத்த முறை ஒரு பகல், ஒரு ராத்திரி. மூன்றாவது முறை இரண்டு நாள், தண்ணீரும் இல்லை. 'வேறுபாடுகள்' என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். பொதுவாகப் பேய்க்கதை வெளியே நிற்பவரின் பயத்தைச் சொல்லும், இது உள்ளே இருப்பவளின் பயத்தைச் சொல்கிறது, அரிய வடிவம் என்று ஆய்வேட்டில் நான்கு பக்கம் வந்தது. நெறியாளர் ஓரத்தில் சிவப்பு மையால் 'அருமை' என்று எழுதினார். அந்தச் சொல்லுக்காக ஒரு வாரம் மிதந்துகொண்டு திரிந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வருவது எங்கள் பக்கம் உண்டு. கல்யாணம் மாதிரி சாப்பாடும் போடவேண்டும். சித்தியும் சித்தப்பாவும் முன்வரிசையில் இருந்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெருமையாக அவளுடைய குரலை ஒலிபெருக்கியில் போட்டேன். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். சித்தப்பா முன்னால் சாய்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் என்னிடம் வந்தார். "பெரிய படிப்பு படிச்சுட்ட ஆத்தா. ஒங்க சித்தி இம்புட்டு நல்லாக் கதை சொல்லுவான்னு எனக்கே தெரியாது. அந்தக் குழாய் ஓட்டையத்தான் நான் கவனிக்காம விட்டுட்டேன். ரெண்டு கரண்டி சிமெண்டு வேலை." பின்னால் நின்ற சித்தி என்னையே பார்த்தாள். மருந்தடிக்க ஆள் வந்திருப்பாக என்று சொல்லி, சாப்பிடாமலே அவளைக் கூட்டிப் போய்விட்டார்.

பாயசக் கரண்டி என் கையிலேயே நின்றது. கதவு திறக்கும் முன் வருவது அச்சம், திறந்த பின் வருவது திகில் என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். மூன்று முறை ஒருத்தி என்னிடம் கதவைத் தட்டியிருக்கிறாள், நான் கட்டம் போட்டிருக்கிறேன். அப்போதும் உடனே ஓடவில்லை. தேர்வாளரை வழியனுப்ப வேண்டும், ஒருவேளை நானாகக் கற்பனை செய்கிறேனோ என்றெல்லாம் காரணங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவோடு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். வீட்டில் ஆள் இல்லை. தோட்டத்தின் மறுகோடியில் மருந்தடிக்கும் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. மோட்டார் ரூமில் பூட்டு தொங்கியது. குழாயைச் சுற்றி ஈரம் காயாத சிமெண்டு, அதில் விரல் தடம். கதவைத் தட்டினேன். எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கையைத் தகரக் கதவில் வைத்தபோதுதான் உள்ளிருந்து தட்டுவது கையில் தெரிந்தது.

அம்மா கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள். மிஷினை நிறுத்திவிட்டுச் சித்தப்பா வந்தார், அவசரமே இல்லாமல். "எதுக்கு மதினி பூட்ட ஒடைக்கிறீக? சாவி கேட்டா தரமாட்டனா?" என்றார். அந்தச் சாந்தமான குரலுக்கு இன்றும் எனக்கு வியர்க்கிறது.

சித்தி இப்போது தேனியில் எங்களோடு இருக்கிறாள். குளிக்கப் போனாலும் தாழ்ப்பாள் போடமாட்டாள். மிக்ஸி ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். என்னை ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. கதையும் சொல்வதில்லை.

போன வாரம், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கருவியில் பேட்டரியைப் போட்டு மூன்றாவது பதிவைக் கேட்டேன். சித்தியின் குரலை என்னால் தாங்க முடிந்தது. "அவ இன்னும் அங்கனதான் இருக்கா பாப்பா" என்கிறாள் கடைசியில். எதற்கோ காத்திருப்பதுபோல் கத்தரிக்கோல் சத்தம் நிற்கிறது. பிறகு என் குரல், சந்தோஷமாக: "போதும் சித்தி, எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு."

அதற்குப் பிறகு, கருவியை நான் அணைக்கும் சத்தம்.