அண்ணி கேட்ட ஊசி

எட்டாம் மாதம் கால் வீங்கி, ஷூவுக்குள் நுழையவில்லை. மூக்கண்டப்பள்ளியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஷூ இல்லாமல் லைனில் நிற்க விடமாட்டார்கள். மருத்துவ அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நர்ஸ் இரண்டு முறை பிரஷர் பார்த்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அன்றிலிருந்து மாத்திரை. சில வாரங்களில் படுக்கை.

என் அம்மாவால் விருதுநகரிலிருந்து வர முடியவில்லை. கணவரின் அக்கா பேரிகையில் தக்காளித் தோட்டத்தை ஆட்களிடம் விட்டுவிட்டுத் துணைக்கு வந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், ஒரு ஊசியால் பிழைத்தவர். அதன் பெயரை அவர் மறக்கவே இல்லை.

எனக்கு வலி கண்ட காலையில் டாக்டரிடம் கேட்டார். "மேடம், மெத்தர்ஜின் இருக்குதுங்களா? இவளுக்கு எடுத்து வெச்சிருங்க."

"இவங்களுக்கு அது ஆகாதுங்க. பிரஷர் இன்னும் ஏறிடும். வேற ஊசி போடுவோம்."

அண்ணி வெளியே போய் என் கணவரிடம், "நல்ல ஊசிய நமக்குப் போட மாட்டேங்கறாங்கடா. வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றது எனக்குக் கேட்டது. யாரைப் பற்றியோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். தலைவலியில் எதுவும் ஒட்டவில்லை.

அண்ணி வாழ்க்கைப்பட்ட வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அது தெரிந்த நர்ஸ் ஒருவர் அவரைப் பக்கத்தில் நிறுத்தித் தெலுங்கில் விளக்கினார். எனக்கு மொழி புரியவில்லை, கை புரிந்தது. விரல்களை மடக்கி இறுக்கினார்: கர்ப்பப்பை. கழுத்து நரம்பைத் தொட்டு அதையும் இறுக்குவதாகக் காட்டினார். பிறகு தலையைத் தொட்டு, விரல்களை வெடிப்பதுபோல் விரித்தார். அண்ணி என் கணவரிடம் போய், "இங்கயே இருக்கட்டும்டா" என்றார்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. உடனே தொடையில் ஊசி போட்டார்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே போனது. நர்ஸ் அடிவயிற்றை அழுத்தித் தேய்க்க, டாக்டர் டிரிப்பில் மருந்து ஏற்றினார். வலித்தது. அண்ணி என் காலடியில் நின்று ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கர்ப்பப்பை கெட்டியாயிருச்சு, தொட்டுப் பாருங்க" என்று நர்ஸ் அவர் கையைப் பிடித்து என் வயிற்றின்மேல் வைத்தார்.

"கல்லாட்டம் இருக்குது" என்றார் அண்ணி. ரத்தம் குறைந்திருந்தது.

வார்டுக்கு வந்த பிறகு, கேட்காமலே என் சேலையை விலக்கித் துணி நனைந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னாலும் கேட்கமாட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் எனக்குப் பிரஷர் பார்த்து முடித்த நர்ஸிடம் அண்ணி தன் கையை நீட்டினார். "எனக்கும் பாத்துருங்க. பிரசவத்துக்கு அப்பறம் பாத்ததே இல்ல."

அவருக்கும் அதிகமாகத்தான் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ஊறுகாய விடணுமாமே" என்று மட்டும் சொன்னார்.